உடைந்த கலயமும் காளவாய்க்காரர் மகளும்

பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, இரண்டு பேருக்குமான கதை இது. பெற்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுங்கள்.

கடலோரத்து நாடு ஒன்றை ஆண்ட ராஜாவுக்கு மூக்கின் மேல் கோபம். அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை, ஏழு வயது, பெயர் செண்பகவல்லி. ஒருநாள் அவள் பளிங்கு விளக்கை உடைத்துவிட்டு, பணிப்பெண் பொன்னாச்சி மேல் பழியைப் போட்டாள். ராஜா ஒரு வார்த்தை விசாரிக்காமல் பொன்னாச்சியை ஊரைவிட்டே விரட்டினார்.

பிறகு உண்மை தெரிந்தது. தெரிந்தும் அவர் பொன்னாச்சியைத் திருப்பி அழைக்கவில்லை. ராஜா தவறிவிட்டார் என்று ஊர் பேசுமே! ஆனால் மகளை நினைத்துக் கலங்கினார். பொய் சொல்லும் பிள்ளை கையில் நாளைக்கு நாட்டை எப்படிக் கொடுப்பது? நல்ல தகப்பன் ஒருவர் வீட்டில் அவளை வளர்க்கக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்.

ஊரார் மூன்று தகப்பன்மாரைச் சொன்னார்கள். ஒருவர் அரண்மனை வித்துவான். ஒருவர் படைத்தளபதி. மூன்றாமவர் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய்க்காரர் அருளப்பன். சிலுவையைக் கும்பிடும் வேதக்காரர், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

ராஜா மூவரையும் ஆளுக்கொரு பிள்ளையோடு சபைக்கு வரவழைத்து, பிள்ளைகள் கையில் ஒவ்வொரு பழைய கலயம் கொடுத்தார். கிணற்றில் நிறைத்து, ஓடாமல் நடந்து கொண்டுவர வேண்டும் என்றார். கலயங்களின் அடியில் அவரே விரிசல் விட்டு வைத்திருந்தார். தண்ணீர் நிறைந்தால் பாதி வழியில் உடைந்துவிடும்.

உடைந்தன. வித்துவான் மகன் வந்து, கிணற்றுக் கயிறு இற்றுப்போனதால்தான் உடைந்தது என்று அழகழகான வார்த்தைகளில் விளக்கினான். தளபதி மகன் காவல்காரன் இடித்துவிட்டான் என்று கண் இமைக்காமல் சொன்னான். மூன்றாவதாக அருளப்பனின் மகள் கித்தேரி வந்தாள். பாவாடை மடியில் ஓடுகள் இருந்தன.

"எங் கையிலதான் உடைஞ்சது, மகாராசா. ஓடக் கூடாதுன்னு சொன்னீங்க. வெயில் சுட்டுச்சு, நாலு எட்டு ஓடிட்டேன்."

அவள் ஓடியதை யாருமே பார்க்கவில்லை. பயமாக இல்லையா என்று ராஜா கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் வீட்டுல எப்படியும் சொல்லணும். செபம் முடிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க தப்பைச் சொல்லுவோம். முதல்ல அப்பாதான் சொல்லுவாங்க. கழுதையை அடிச்சதுக்கு நேத்து அழுதாங்க. அப்புறம் குனிவாங்க, நாங்க அவங்க நெத்தியில சிலுவை போட்டு விடுவோம்."

சபையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு முன் குனிந்த இந்த மனிதருக்கு அவர்கள் யாரும் ஈடில்லை என்பேன்.

இப்படிக் குனிந்தால் பிள்ளைகள் மதிப்பார்களா என்று ராஜா அருளப்பனைக் கேட்டார். சுண்ணாம்பு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு அருளப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் விழுந்து எழும்புறதைப் பாக்காத பிள்ளை, தான் விழுந்தா எப்படி எழும்பும் அய்யா?"

மகளை அழைத்துப்போகும்படி ராஜா அவரிடம் கேட்டுக்கொண்டார். பொன்னும் நிலமும் தருவதாகச் சொன்னார். அருளப்பன் மறுத்தார். சோறு போடலாம், செபம் சொல்லித்தரலாம், ஆனால் அவளுக்குத் தகப்பன் நீங்கள் ஒருவர்தான் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கித்தேரியைத் தோளில் தூக்கிக்கொண்டு காளவாய்க்குப் போய்விட்டார்.

ராஜா அந்தப்புரத்துக்குப் போனார். அவர் காலடி கேட்டதும் செண்பகவல்லி தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். தன் மகள் தன்னைக் கண்டு ஒளிவதை அவர் அன்றுதான் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். முட்டி போட்டார்.

"அன்னைக்குப் பொன்னாச்சியை விசாரிக்காம விரட்டினேன். தப்பு என்னோடது. தெரிஞ்ச பிறகும் மறைச்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

செண்பகவல்லி தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சின்னக் கை வந்து அவர் நெற்றியைத் தொட்டது.

"விளக்கை உடைச்சது நான்தான்ப்பா."

மறுநாள் காலையில் தகப்பனும் மகளும் ஒரே பல்லக்கில் பொன்னாச்சி ஊருக்குப் போனார்கள். திரும்பும்போது பல்லக்கில் பொன்னாச்சி இருந்தாள். இவர்கள் இருவரும் கூட நடந்து வந்தார்கள்.

பிள்ளைக்கு முன்னால் தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் தகப்பனின் வீட்டில்தான் உண்மை பயமில்லாமல் வளரும்.