கொல்ல முடியாத பாத்திரம்

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தில், முதலாமாண்டு ஜெசிந்தாவை மூன்று சனிக்கிழமையும் அவள் பகடையைத் தொடுவதற்குள் கொன்றுவிட்டார், ஆட்டத்தை நடத்தும் ஆராய்ச்சி மாணவர் சபாபதி. முதலில் இடி விழுந்தது, பிறகு பாம்பு கடித்தது, போன வாரம் தொண்டையில் இட்லி அடைத்தே போய்ச் சேர்ந்தாள். ஆட்ட விதியில் சந்தேகம் கேட்டாளாம், அதுதான் குற்றம்.

நான்காம் சனிக்கிழமை கேண்டீன் மேசையில் எல்லாரும் கூடியதும் சபாபதி சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னால கொல்ல முடியாத ஒரு பாத்திரத்தோட வா. இல்லன்னா இந்த மேசைப் பக்கமே வராத."

"சரிண்ணா. ஒரே ஒரு சந்தேகம்."

"ஆரம்பிச்சிட்டியா?"

"உங்க அரக்கராஜா கருங்கோடன் மேல இவங்க எத்தனை அம்பு விட்டாங்க. பகடையில ஆறு விழுந்தாலும் ஒண்ணுகூடப் படலையே, ஏன்?"

"மூணு வருஷமா நான் செதுக்கின பாத்திரம்மா அவன். அவ்வளவு லேசுல சாகவிட்டுருவேனா?"

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருங்கோடனைக் கொல்லத்தான் அவர்கள் ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா பகடையை எடுத்து சபாபதியின் முன்னால் வைத்தாள்.

"அப்போ இன்னைக்கு கருங்கோடன் நான்தான். இப்பக் கொல்லுங்கண்ணா."