ஞானதீபத்துக்கு வந்த அட்டை

வசனமெல்லாம் மனப்பாடம் என்று மார்தட்டுகிறவர்கள் கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். இந்தப் புதிர் உங்களுக்குத்தான்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சபை. வருஷப் பிறப்பன்று ஆராதனை முடிந்ததும் ஒரு பெட்டியிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டை எடுப்பது அங்கே வழக்கம். உயர்த்துவேன், காப்பேன், பெருகப்பண்ணுவேன் என்று பெட்டிக்குள் அத்தனையும் இனிப்பு. 'செய்' என்று சொல்வது ஒன்றுகூட இராது. புதிதாக வந்த போதகர் தவசிங்குக்கு அது பொறுக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரே ஒரு கட்டளையை எழுதி உள்ளே போட்டார். அது ஞானதீபத்தின் கையில் வந்து விழுந்தது.

உன்மேல் யாருக்காவது மனக்குறை இருந்தால், முதலில் போய் அவரோடு ஒப்புரவாகிவிட்டுத் திருவிருந்துப் பந்திக்கு வா என்றது அட்டை.

யார் என்று அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள் கிருபைமணியோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். அம்மாவின் அடக்கத்தன்று, சவப்பெட்டியை மூடுமுன், "இவ கஞ்சி ஊத்தாமலே அம்மாவக் கொன்னுட்டா!" என்று ஊரே கேட்கக் கத்தியவள் ஞானதீபம். தொண்டையில் கட்டி, வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். துக்கத்தில் வாய் தவறிவிட்டது. ஊர் விடுமா? கிருபைமணிக்குக் 'கஞ்சி ஊத்தாதவ' என்றே பெயர் நிலைத்துப்போனது.

அக்காளிடம் போய்ச் சேரவேண்டும் என்று ஞானதீபம் மெய்யாகவே தவித்தாள். அன்றைக்கே அட்டையோடு போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. நின்றபடியே அட்டையை உரக்க வாசித்தாள்.

"அப்புறம்?" என்றாள் அக்காள், உள்ளிருந்தே.

"அப்புறம் என்னக்கா? வேதம் சொல்லுது, வந்துட்டேன்."

தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் ஒரு தடவை போனாள். சபையார் ஒன்றாய்ச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஒரு தடவை. அக்காளுக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டு இன்னொரு தடவை. ஆக நான்கு. ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள் விலகும், அதே வாசிப்பு, அதே "அப்புறம்?", அதே பதில். கடைசித் தடவை அந்தக் கேள்வி இருமலோடு வந்தது.

மாதாமாதம் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போக, ஞானதீபம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து அழுவாள். "வசனத்துக்கு நடுங்குகிற இந்த மகளைப் பாருங்கள்!" என்று போதகர் அவளைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். சண்டை எதனால் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கிருபைமணியோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பந்தியில் முழங்காலிட்டாள். கல்நெஞ்சக்காரி என்றது சபை.

மார்கழியில் கிருபைமணி செத்துப்போனாள். "நாலு மட்டம் வந்தேனே அக்கா, கதவத் திறக்கலியே நீ!" என்று ஞானதீபம் பெட்டியின்மேல் விழுந்து அலறினாள். பாவம் என்று ஊரே உச்சுக்கொட்டியது.

இப்போது சொல்லுங்கள். கட்டளையை எழுதிப் போட்டவர் போதகர். நாலு முறை நடையாய் நடந்தவள் ஞானதீபம். கதவையே திறக்காதவள் கிருபைமணி. இந்த மூவரில் அந்த வசனத்துக்கு மிக அருகில் வந்தது யார்?

விடை: கிருபைமணி. நாலு முறையும் தாழ்ப்பாளை விலக்கியவள் அவள்தானே? வசனம் அவளுக்கும் மனப்பாடம். "நான் சொன்னது பொய், அக்கா" என்ற ஒரு பேச்சுக்குத்தான் அவள் கதவுக்குப் பின்னால் காத்து நின்றாள். ஞானதீபம் கர்த்தருடைய வார்த்தையை நாலு தடவை வாசித்தாள். தான் சொல்லவேண்டியதை ஒரு தடவையும் சொல்லவில்லை. அக்காளின் பெட்டியருகே ஊரே கேட்கக் கத்தியபோதும் அது வரவில்லை. அடுத்த வருஷப் பிறப்புக்கு அவளுக்கு வந்த அட்டை, உன் கண்ணீரைத் துடைப்பேன் என்றது. சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கிறாள்.