பன்னிரண்டாம் நம்பர் பொய் சொல்லுது

"பன்னிரண்டாம் நம்பர் பொய் சொல்லுது மேடம். கணக்குலேர்ந்து தூக்கிட்டேன்" என்றார் செங்கோடன்.

சிஷ்யனுக்கு வயது நாற்பத்தெட்டு. குரு பிரிஸில்லாவுக்கு முப்பத்தொன்று. குருன்னா தாடி இருக்கணும்னு இல்லை.

இருவரும் மலை மேல் நின்றார்கள். காலுக்கு இருபது மீட்டர் கீழே, பாதி வெட்டிய சுரங்கப்பாதைக்குள் ஒன்பது பேர். செங்கோடன் சரி என்றால், பதினொரு மணிக்குக் குடையும் மிஷின் ஓடும்.

மணி பத்து நாற்பது.

மண்ணில் வரிசையாக இருபத்து நாலு அதிர்வுமானிகள். இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்தால், அதிர்வு பூமிக்குள் புகுந்து ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும். வந்த நேரத்தை வைத்துக் கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதைப் படம் போடும். சீக்கிரம் வந்தால் கெட்டிப் பாறை, நீலம். லேட்டாக வந்தால் பொந்து, சிவப்பு.

"பன்னிரண்டைச் சேர்த்தா கணக்கு படியவே மாட்டேங்குது. எடுத்ததும் பாருங்க, முழுக்க நீலம்."

அவள் படத்தைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ லேட்டா வருது?"

"ஆறு மில்லி செகண்ட்."

"எத்தனை தடவை?"

"முப்பது அடிக்கும். அந்தச் சனியன் செத்துப்போச்சு."

"செத்தது முப்பது தடவையும் ஆறுன்னே சொல்லுதா சார்?"

வாக்கி டாக்கி கரகரத்தது. கீழேயிருந்து மேஸ்திரி தவசி. "சார், மிஷின் ரெடி. ஓட்டலாமா?"

"இரு தவசி."

பிரிஸில்லா குனிந்தாள். பன்னிரண்டை ஒயரோடு பிடுங்கினாள். பதின்மூன்றையும் பிடுங்கினாள். அதன் குழியில் இதையும், இதன் குழியில் அதையும் குத்தினாள்.

"பத்து ஐம்பத்தஞ்சு மேடம். விளையாடுற நேரமா?"

"அடிங்க."

கோபத்தில் ஓங்கி அடித்தார். திரையிடம் போனார்.

பன்னிரண்டு சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

பதின்மூன்று லேட். ஆறு.

திரும்பப் போய் அடித்தார். ஆறு. இன்னொரு தடவை. ஆறு.

வரிசையோரமாக நடந்து வந்து, பதின்மூன்று இப்போது நிற்கிற, பன்னிரண்டின் பழைய குழியைக் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் அதன் பக்கத்தில்தான் இருந்தது. மெதுவாக எடுத்தார்.

"சார், பதினொண்ணு ஆச்சு" என்றார் தவசி. "ஓட்டவா?"

"வேணாம். ஆஃப் பண்ணிட்டு வெளிய வாங்க."

"யாரு சார்?"

"ஒன்பது பேரும். ஒருத்தரைக்கூட விட்டுடாம."