கடைச்சுவர் வளைந்த இடம்

கான்கிரீட் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கலவை இறுகுவதற்குள் கொட்டியாக வேண்டும். ஆனால் ஐந்தாவது தூண் குழிக்குள் தெஸ்பீனா இறங்கி நின்றாள். ஏற மாட்டேன் என்றாள்.

"மேடம், ஏறுங்க. இல்லன்னா உங்க மேலயே கொட்டச் சொல்லிருவேன்" என்று கத்தினார் ஸ்தமாதிஸ். மனை அவருடையது.

கத்தினதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெலாரா என்ற அந்த ஊர் கிரேக்கர்கள் உண்டாக்கிய பழைய நகரம். அங்கே எவன் வீடு கட்டப் பள்ளம் பறித்தாலும் தொல்லியல் துறை வந்து நிற்கும். கட்டடத்தால் எது அழியப்போகிறதோ அதை மட்டும் முதலில் தோண்டி, படம் வரைந்து, பதிவு செய்துகொள்வார்கள். அழியாததைத் தொட மாட்டார்கள். அதுதான் அவர்கள் வேலையின் விதி.

ஸ்தமாதிஸின் மனையில் ரோமானியர் ஆண்ட காலத்துக் கடைகள் வரிசையாகக் கிடைத்தன. துறையின் சார்பில் வந்த தெஸ்பீனா தோண்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை ஸ்தமாதிஸும் மனைவியும் மைத்துனர் வீட்டுக் கார் ஷெட்டில் படுத்தார்கள். கடைசியில் அவள் வாக்குக் கொடுத்தாள்: "சுவர் மேல் வேண்டாம். காலியான இடத்தில் தாராளமாகத் தூண் போடுங்கள்." ஐந்து இடம் குறித்துக் கொடுத்ததும் அவள்தான்.

பிறகு மழை பெய்தது. ஐந்தாவது குழி சரிந்தது. அன்று காலையில் சேற்றை வாரியபோதுதான் அதுவரை மண்ணுக்குள் இருந்த பகுதி தெரிந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக வந்த தெருப்பக்கச் சுவர் அங்கே மட்டும் கடைக்குள் வளைந்து, கொஞ்சம் மண்ணைச் சுற்றிக்கொண்டு, மறுபடி அதே கோட்டில் போனது. தூண் வரப்போவது சரியாக அந்த வளைவுக்குள்.

"உள்ள என்ன இருக்கு? வெறும் மண்ணு!" என்றார் ஸ்தமாதிஸ். "அந்தக் கொத்தனார் அன்னைக்குத் தண்ணி போட்டிருப்பான், மேடம்."

"தண்ணி போட்டவன் இவ்வளவு சரியா பழைய கோட்டுக்குத் திரும்பி வர மாட்டான். லாரியை அனுப்புங்க. நான் இதைத் தோண்டிப் பார்க்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

இரண்டு பேருக்குமே பதில் தெரியும். துறையிடம் மறுபடி அனுமதி, மறுபடி ஆள், மறுபடி கார் ஷெட்.

"வாக்குக் கொடுத்தது நீங்கதானே? கொட்டுடா!" என்று டிரைவரைப் பார்த்துக் கூவினார் ஸ்தமாதிஸ்.

அவருடைய தம்பி ஃபோட்டிஸ் குறுக்கே வந்தான். வீட்டுக்கு வரைபடம் போட்ட பொறியாளர் அவன்தான். "அண்ணே, நாலு குழியை நிரப்புவோம். இதுல தூண் வேண்டாம், மண்ணைப் போட்டு மூடிருவோம். உத்திரத்தை வளைச்சுக் கொண்டுபோறேன். சமையலறையில ஒரு மூலை போகும்."

"உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லு. கரண்டியோட வருவா."

"அப்ப நான் தோண்ட வேண்டாமா?" என்றாள் தெஸ்பீனா.

"வேண்டாம்."

கொட்டு என்கிறார் ஒருவர். தோண்டு என்கிறாள் ஒருத்தி. இரண்டும் வேண்டாம் என்கிறான் மூன்றாமவன். யோசிக்க ரொம்ப நேரமில்லை, லாரி நிற்கிறது. இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: ஃபோட்டிஸ் சொன்னதுதான். வாக்குக் கொடுத்தது காலி இடத்துக்கு. தெருவைப் பார்த்த கடையில் ஒரு சாண் இடத்தைக்கூட எந்த வியாபாரியும் சும்மா விட மாட்டான். இந்தக் கடையைக் கட்டியவன் விட்டிருக்கிறான் என்றால், கடைக்கும் முந்தியது ஏதோ அங்கே இருந்திருக்கிறது, இவனும் அதை மிதிக்காமல் சுற்றிப் போயிருக்கிறான். அது காலி இடமே இல்லை. அதனால் லாரியை மறித்ததில் தெஸ்பீனா வாக்குத் தவறவில்லை. தோண்டுவேன் என்றாளே, அதுதான் தப்பு. தூண் வரவில்லை என்றால் அங்கே எதுவும் அழியாது. அழியாததைத் தோண்ட அவளுக்கே உரிமை இல்லை. ஸ்தமாதிஸ் முனகிக்கொண்டே சம்மதித்தார். நாலு குழியும் நிரம்பி லாரி போனது. ஃபோட்டிஸ் கடைசிக் குழியை மூடப் போனபோது தெஸ்பீனா அவன் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "கையில கம்பி இருக்கே, ஒரே ஒரு தடவை குத்திப் பாரேன், என்ன தட்டுதுன்னு" என்றாள். அவன் குத்தவில்லை.