வெள்ளைக் காருக்கு ஒரு லிஃப்ட்

பெருந்துறைக்குத் தெற்கே ஓர் ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னிடம் நியாயம் கேட்பார்கள். மூன்று பேரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும், சொன்னது சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

நடுநாயகம் சென்னியப்பன். மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். அவருடைய அண்ணன் பொங்கியண்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் மட்டும் போட்டு, ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றவர். மூன்றாமவன் நாச்சிமுத்து, சென்னியப்பன் மனைவி வசந்தாமணியின் தம்பி. எந்த வேலைக்கும் உடனே கிளம்பிவிடுவான். என்ன வேலை என்று மட்டும் கேட்க மாட்டான்.

சென்னியப்பனிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. வசந்தாமணியைப் பெண் பார்க்கப் போனது அதில்தான். கல்யாணம் முடிந்து கூட்டிக்கொண்டு வந்ததும் அதில்தான். அது கொஞ்ச நாளாக எண்ணெய் ஒழுகியது. கார் நிற்கிற ஷெட்டில்தான் வசந்தாமணி காய்ந்த மிளகாயை அள்ளி வைப்பாள். ஒருநாள் அந்த எண்ணெயில் வழுக்கி, மிளகாய்க் கூடையோடு உட்கார்ந்தாள். எழுந்ததும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கறேன். அதுக்குள்ள அந்த ஒழுகலை நிறுத்துனா வண்டி இருக்கும். இல்லீன்னா போயிரும்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காரை இரும்பாக நினைத்துப் பார்த்தாலே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஓடிப் போய் ஊர் மெக்கானிக்கைக் கேட்டார். "அடியில போய்ப் பார்த்தாத்தானுங்க தெரியும். லிஃப்ட்ல ஏத்திப் பார்க்கோணும். எங்கிட்ட லிஃப்ட் இல்லீங்க" என்றார் அவர்.

லிஃப்ட் உள்ள இன்னொரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு போகலாம் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். மூவருக்கும் தோன்றியது வேறு. செவ்வாய்க்கிழமை காலையிலேயே லிஃப்ட் வாங்கக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் ஜெயசிங் பொறுமைசாலி. வீட்டு ஷெட்டில் வைக்கிற மாதிரி இரண்டு தூண் லிஃப்ட், நாலு தூண் லிஃப்ட் என்று வரிசையாகக் காட்டினார். மூவரும் ஓரமாக ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"ரெண்டு தூண் பைக்குக்குத்தான் ஆகும்" என்றார் பொங்கியண்ணன். "காருக்கு நாலு சக்கரம். நாலு தூண் வேணும்."

"ஸ்டெப்னியைச் சேர்த்தா அஞ்சு சக்கரமுங்க, பெரிய மாமா" என்றான் நாச்சிமுத்து.

பொங்கியண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஜெயசிங்கிடம் போய், "அஞ்சு தூண்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

 ஜெயசிங் ஒரு தாளை எடுத்து, எந்த லிஃப்டாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை என்று எழுதிக் கொடுத்தார். காரின் சரியான எடை தெரிய வேண்டும். கார் மேலே போன பிறகு அடியில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க இடம் இருக்க வேண்டும். தரையில் குழி இருக்கக் கூடாது, ஆறு அங்குலம் கான்கிரீட் வேண்டும். லிஃப்டை ஒருமுறை நிறுத்திவிட்டால் அங்கிருந்து நகர்த்தக் கூடாது. சென்னியப்பன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வீடு வரும்வரை பையின் மேலேயே கையை வைத்திருந்தார்.

புதன்கிழமை எடை. மில்லுக்குப் பக்கத்தில் இருந்த எடை மேடையில் காரை ஏற்றி நிறுத்தி மூவரும் இறங்கிக்கொண்டார்கள். சீட்டு வந்தது. நாச்சிமுத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது டயர்ல இருக்கற காத்தோட சேர்த்து வந்த எடைங்களே?"

"ஆமா."

"காத்து நம்மளுது இல்லீங்களே. பஞ்சர் கடைக்காரர் அடிச்சு விட்டது."

சென்னியப்பன் அண்ணனைப் பார்த்தார். பொங்கியண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "கடைக்காரர் காரோட எடையைத்தான் கேட்டிருக்கறாரு. பஞ்சர் கடையோட எடையைக் கேக்கல" என்று தீர்ப்புச் சொன்னார்.

நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடி எடை பார்த்தார்கள். அதே எடைதான் வந்தது. "இப்பத்தான் சரியான எடை" என்றார் பொங்கியண்ணன். முதல் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். அப்புறம் காரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரெண்டு மைல் தூரம். எடை மேடைக்காரர் வெளியே வந்து, அவர்கள் திருப்பம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் பஞ்சர் கடைக்காரர் வந்து காற்றடித்துக் கொடுத்தார். அடுத்தது உயரம். பொங்கியண்ணன் ஒரு வழி சொன்னார். காருக்கு மேலே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடிந்தால், காரைத் தூக்கின பிறகு காருக்குக் கீழேயும் அதே ஆள் நிற்கலாம். மூவரில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒருவர் சரியாக யோசித்தார் என்பதை நான் மறைக்கக் கூடாது. நாச்சிமுத்து காரின் மேலே ஏறினான். தலை ஷெட்டின் கூரை ஷீட்டில் டங்கென்று இடித்தது.

"குனிஞ்சு நின்னா நிக்கலாமுங்க" என்றான் மேலிருந்து.

சென்னியப்பன் தாளைப் பிரித்துப் பார்த்தார். "நிமிர்ந்துன்னு போட்டிருக்குது மாப்பிள்ளை."

"அப்பக் கூரையைத் தூக்கோணும்."

"கூரையைத் தூக்கறதுக்குக் கொத்தனார் வேணும், சாரம் வேணும்" என்றார் பொங்கியண்ணன். "தரையை எறக்கறதுக்கு மண்வெட்டி போதும்."

"ஷெட்டு முழுசுமாங்கண்ணா?"

"எதுக்கு? ஆளு நிக்கற எடம் மட்டும் எறங்குனாப் பத்தாதா?"

வியாழக்கிழமை மதியம் ஆரம்பித்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தோண்டி முடித்தார்கள். ஓர் ஆள் அகலம், காரை விடக் கொஞ்சம் கூடுதல் நீளம், ஓர் ஆள் ஆழம். இரண்டு பக்கமும் சக்கரம் நிற்கத் தரையை விட்டுவைத்தார்கள். அவர்கள் செய்ததிலேயே ஒழுங்கான வேலை அதுதான். பிறகு காரைக் குழிக்கு மேலே மெல்ல ஓட்டி நிறுத்தினார்கள். நாச்சிமுத்து பின்பக்கமாகக் குழிக்குள் இறங்கி, காரின் அடியில் போய் நின்றான்.

"நிமிர முடியுதா மாப்பிள்ளை?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"நெம்ப நல்லா நிமிர முடியுதுங்க மாமா. கையைத் தூக்கினாலும் எடம் இருக்குது."

"அடியெல்லாம் தெரியுதா?"

"எல்லாமே தெரியுதுங்க. இங்க ஒரு போல்ட்டு லூசா இருக்குது. அதுலதான் எண்ணெய் சொட்டுது. என்ற நெத்தியிலயே விழுகுது."

சென்னியப்பன் குனிந்து எட்டிப் பார்த்தார். "அதா அது? சின்னப் போல்ட்டுதானா?"

"சின்னதுதானுங்க. கையிலயே முறுக்கிரலாம். லிஃப்ட் வந்ததும் முதல் வேலையா இதை முறுக்கிரோணும்."

"ஆமா, மறந்துறாத" என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் கடைக்குப் போன் போட்டார். எடை சொன்னார். உயரம் சரியாகிவிட்டது என்றும், ஆறடிக்குக் குழி தோண்டி நாச்சிமுத்துவை நிற்க வைத்தே பார்த்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

 "ஏங்க, அப்படி ஒரு குழி இருந்தா உங்களுக்கு லிஃப்ட் எதுக்குங்க?" என்றார் ஜெயசிங்.

சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனிடம் சொன்னார். பொங்கியண்ணன் தாளை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டோம் தம்பி. தரையில குழி இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. அதைத்தான் அவர் சாடையாக் கேக்கறாரு."

"மன்னிச்சுக்கங்க, மூடிர்றோமுங்க" என்று போனில் சொல்லிவிட்டு சென்னியப்பன் வைத்துவிட்டார். ஜெயசிங் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். வெட்கத்தில் யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, குழியை மண் போட்டு நிரப்பி, மேலே ஆறு அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். கலவை கொண்டுவந்த மேஸ்திரி போகும்போது, இருபத்தொரு நாள் தண்ணீர் விட வேண்டும், அதுவரை மேலே ஒன்றும் வைக்கக் கூடாது என்றார். அப்போதுதான் சென்னியப்பன் விரல் விட்டு எண்ணினார். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் இருபத்தொரு நாள் இல்லை. அவர் வாசலுக்குப் போய்க் காரின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பாவம், நிஜமாகவே அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே பழைய இரும்புக்காரர் இன்னாசிமுத்து லாரியோடு வந்துவிட்டார். மூன்று நீளமான இரும்புக் குழாய்களை இறக்கி, உச்சியில் சேர்த்துக் கட்டி, காரைச் சுற்றி மூன்று காலாக ஊன்றினார். உச்சியிலிருந்து ஒரு சங்கிலிக் கப்பி தொங்கியது. காரைப் பெல்ட்டால் கட்டிக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தார். கார் அலுங்காமல் மேலே போனது. ஓர் ஆள் உயரம் போய் நின்றது.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அண்ணா, இது லிஃப்டுங்க."

பொங்கியண்ணன் சுற்றி வந்தார். "கான்கிரீட் வேண்டியதில்ல. கூரை இடிக்கல. மூணே காலு. நாம மூணு பேரு. ஆளுக்கு ஒண்ணைப் பார்த்துக்கலாம்."

இதற்குள் நாச்சிமுத்து காரின் அடியில் போய் நின்று, கையாலேயே அந்தப் போல்ட்டை முறுக்கிவிட்டான். ஒழுகல் நின்றது. மணி பத்தாக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கார் பிழைத்துவிட்டது. கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சென்னியப்பன் அப்போது லிஃப்ட் பேரத்தில் இருந்தார்.

"இதைக் குடுத்துருங்க. எங்க காரைக் காப்பாத்தறதுக்கு வேணும்."

"தொழில் சாமானுங்க" என்றார் இன்னாசிமுத்து. "சும்மா குடுக்க முடியாது. வேணும்னா காருக்கு மாத்திக்கலாம்."

மூவரும் வேப்பமரத்தடிக்குப் போய் ஆலோசித்தார்கள். காரைக் காப்பாற்ற லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் கையில் வந்து நிற்கிறது. இதை விட்டால் இன்னும் இருபத்தொரு நாள். திரும்பி வந்து சென்னியப்பன் சம்மதம் சொன்னார். கார் லாரியில் இறங்கியது. மூன்று காலும் வாசலிலேயே நின்றன. லாரி புறப்பட்டபோது மூவரும் கை ஆட்டினார்கள்.

பதினொரு மணிக்கு லாரி திரும்பி வந்தது. கார் மேலேயே இருந்தது.

"இறக்க முடியலீங்க" என்றார் இன்னாசிமுத்து, தலையைச் சொறிந்துகொண்டு. "தூக்கற சாமானை உங்ககிட்டக் குடுத்துட்டேன். ஒரு மணி நேரம் கடன் குடுத்தீங்கன்னா..."

சென்னியப்பன் தாளைக் காட்டினார். "நிறுத்துன எடத்தை விட்டு நகர்த்தக் கூடாதுங்க. நீங்க காரை இங்கயே கொண்டாந்து இறக்கிக்கங்க. நாங்க ஒத்தாசை பண்றோம்."

இன்னாசிமுத்துவுக்கு நிம்மதி வந்தது. நாலு பேருமாகக் காரைப் பக்குவமாக வாசலில் இறக்கினார்கள். அவர் நன்றி சொன்னார். பிறகு, இறக்கிய காரைக் கடைக்குக் கொண்டு போக வேண்டுமே என்று ஞாபகம் வந்து, மறுபடி ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தார்கள். கடைக்குப் போனார். இறக்க முடியவில்லை. திரும்பி வந்தார்.

மூன்றாவது நடையில் வசந்தாமணி வெளியே வந்தாள். "நல்லா ஓடற வண்டிதானுங்களே. ஏறி ஓட்டிட்டுப் போனா ஆகாதுங்களா?"

நாலு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பழைய இரும்புங்க அம்மா அது" என்று இன்னாசிமுத்து பதமாக விளக்கினார். "இரும்பை யாராச்சும் ஓட்டுவாங்களா?" அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் ஆறு நடை ஆகிவிட்டது. ஆறாவது தடவை காரை இறக்கிவிட்டு, இன்னாசிமுத்து குழாயடியில் முகம் கழுவப் போயிருந்தபோது, சென்னியப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் காதோடு சொன்னார்:

"நல்ல வேளைங்கண்ணா, நாம லிஃப்ட் வாங்குனோம். இல்லீன்னா இந்த மனுசன் இன்னிக்கு என்ன பண்ணியிருப்பாரு?"