கல்லுக்கு அடங்காத வால்

திடும், திடும், திடுதிடும்!

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் வாய்விட்டுப் பேசிய நாட்களில், ஆற்று வளைவில் விடிந்ததும் முதலில் கேட்பது இந்தச் சத்தம்தான். நாணல் புதரைத் தாண்டி எட்டிப் பார்த்தால்தான் தெரியும், அது நீர்நாய் டீச்சரின் பள்ளிக்கூடம் என்று. குட்டிகளும் குஞ்சுகளும் மணலில் குதியோ குதியென்று குதிக்கும். குதித்து முடித்ததும் கூழாங்கல்லில் ஏதாவது கட்டும். கட்டியதை வைத்தே டீச்சர் ஒரு கதை சொல்வார். கதை நேரத்தில் கை, கால், வால் எதுவும் அசையக் கூடாது. அது டீச்சர் போட்ட சட்டம்.

ஆற்றுக்குருவிக் குஞ்சு மின்னாவால் அது மட்டும் முடியாது. அவள் உடம்பு, அதிலும் அந்த வால், எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டே இருக்கும்.

அன்று வருஷக் கடைசி நாள். கேட்ட கதையைத் திருப்பிச் சொன்னால் அக்கரையில் பெரிய வகுப்பு. சொல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயே. எல்லாரும் சேர்ந்து ஏழு கல் கோபுரம் கட்டி முடித்ததும், மின்னா தன் கூட்டாளி நண்டுப் பயல் கொடுக்கனிடம் ஓடினாள்.

"கொடுக்கா, என் வால் மேல ஒரு கல்லைத் தூக்கி வைடா."

"வலிக்கும்டி, லூசு."

"வலிச்சா வலிக்கட்டும். நீ அக்கரைக்குப் போயிடுவ. நான் தவளைப் பொடிசுங்களோட குந்திக்கிட்டு இருக்கணுமா?"

கொடுக்கன் வைத்தான். கதை தொடங்கி முடிகிற வரை மின்னா அசையவே இல்லை. டீச்சருக்கே ஆச்சரியம்.

"மின்னா, நீயே முதல்ல சொல்லும்மா."

மின்னா தன் வாலை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு... கல்லு இருந்துச்சு டீச்சர்."

"அப்புறம்?"

"ரொம்பக் கனமா இருந்துச்சு."

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. மின்னா அழுதுவிட்டாள். டீச்சர் பின்னால் வந்து பார்த்தார்.

"யாரு வெச்சது இதை?"

"நான்தான் வைக்கச் சொன்னேன் டீச்சர். வாலைப் பிடிச்சு வைக்கிறதுலயே மனசு பூரா போயிடுச்சு. கதை உள்ளேயே வரல."

டீச்சர் வால் மேலிருந்து அந்தக் கல்லை எடுத்தார். பிறகு அதைத் தூக்கி ஆற்றில் எறிந்தார்.

"சட்டம் போட்டவ நான். தப்பும் என்னோடதுதான். இன்னொரு தடவை சொல்றேன், நீ வாலை ஆட்டிக்கிட்டே கேளு."

"மறுபடியுமா!" என்றன தவளைகள்.

டீச்சர் சொல்லச் சொல்ல வால் மேலும் கீழும் பறந்தது. முடிந்த நொடியில் மின்னா துள்ளி எழுந்தாள்.

"ஒரு நத்தை டீச்சர்! நிலாவைத் தொடணும்னு கோபுரத்துல ஏறுச்சு! ஒண்ணாம் கல்லு!" வால் ஒரு வெட்டு. "ரெண்டாம் கல்லு!" இன்னொரு வெட்டு. ஏழாவது கல் வருவதற்குள் தவளைகளும் சேர்ந்து கத்தின. "உச்சிக்குப் போனா, விடிஞ்சுடுச்சு! நிலாவைக் காணோம்! சூரியன்தான் இருந்துச்சு! 'பரவாயில்ல, நீயே போதும்'னு நத்தை சொல்லிடுச்சு!"

"போ, அக்கரைக்குப் போ," என்றார் டீச்சர். "வாலையும் கூட்டிக்கிட்டுப் போ."

அன்று தடையில்லாமல் ஆடத் தொடங்கியதுதான். மின்னா வம்சத்து வாலாட்டிக் குருவியின் வால் இன்றுவரை நிற்கவில்லை. ஆற்றில் துணி துவைப்பவர்கள், பக்கத்துக் கல்லில் அது வந்து உட்கார்ந்தால் ஒரு கணம் கையை நிறுத்திப் பார்க்கிறார்கள். பிறகு அடுத்த துணியை எடுத்துச் சோப்புப் போடத் தொடங்குகிறார்கள்.