ஓட்டின் இடையே ஓர் ஈர்க்கு

கடையநல்லூருக்கு மேற்கே மலையை ஒட்டி ஒரு சிற்றூர். அங்கே ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், ஓர் அடுக்களை, நெல் போட்டு வைக்க ஓர் உள்ளறை, பின்னால் கிணறு. மேலே எல்லாம் பழைய நாட்டு ஓடு. மாசிலாமணி என்பவர் அதில் இருந்தார். ஊரார் அவரைச் சாமி என்றார்கள். தனக்குச் சீடன் உண்டு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் ஒருவர் இருந்தார். பெயர் பிரமநாயகம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

ஐப்பசியில் ஒருநாள். முந்தின இரவு மழை பெய்து உள்ளறை நெல் நனைந்திருந்தது. இருவரும் அதைக் கூடத்தில் பரப்பிக்கொண்டிருந்தபோது பிரமநாயகத்துக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி. மறுநாள் காலை சங்கரன்கோவிலில் பேரனுக்குக் காது குத்து. மகள் செண்பகம் அவரை அழைக்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இனி உங்கள் இஷ்டம் என்று சொல்லி மனைவி போனை வைத்துவிட்டாள்.

பிரமநாயகம் நெல்லைத் துழாவியபடியே சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகளை அவர் அடித்ததில்லை. ஒரு சொல் கெட்டுப் பேசியதில்லை. படிக்க வைத்தார், கேட்ட இடத்தில் கட்டிக் கொடுத்தார். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அவர் மடத்துக்கு வந்து தங்கிய பிறகுதான் அந்த வாசலை மிதித்தாள்.

"தினமும் ராத்திரி படுக்குமுன்ன என்னையே நான் சோதிச்சுப் பாக்கேன் சாமி. ஒரு தப்பும் தட்டுப்படல. தப்பு இருந்தா போய் மன்னிப்புக் கேப்பேன். இல்லாத தப்புக்கு எப்படிக் கேக்க? நான் போகவா, வேண்டாமா?"

கடைசி பஸ் சாயங்காலம். அதற்குள் சொல்ல வேண்டும் என்றார்.

"சொல்லுதேன் அண்ணாச்சி. இன்னைக்கும் மழை வரும் போலிருக்கு. முதல்ல ஓடு வாங்கிட்டு வருவோம்."

பிரமநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம்தான் மேலே ஏறி ஒவ்வோர் ஓடாகப் பார்த்ததாகவும், ஒன்றில்கூடக் கீறல் இல்லை என்றும் சொன்னார்.

"நெல்லுக்கு அது தெரியலையே" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

குரு ஓட்ட, சீடர் அரிசிப் பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தார். மில்லில் அரிசியை மாவுக்குக் கொடுத்தார்கள். கரண்ட் இல்லை, பிறகு வாருங்கள் என்றார்கள். இரும்புக் கடையில் அடுக்களைக் கதவுக்குக் கீல் வாங்கினார்கள். கிணற்றுக்கு உருளை வாங்கினார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் பிரமநாயகம் தன் கேள்வியைத் திரும்பக் கேட்டார். மாசிலாமணி ஒரு கடையில் திருகாணியின் நீளத்தைப் பார்த்தார், இன்னொன்றில் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற ஓடுகளை வாங்கி விற்பவள் பிச்சம்மாள். புளியமரத்தடியில் அடுக்கி வைத்திருந்தாள். பிரமநாயகம் ஒவ்வோர் ஓட்டையும் விரலால் சுண்டி, காதோரம் வைத்துச் சத்தம் கேட்டு, பாதியைத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் டிக்கெட் எடுத்த ஓடுதான் அண்ணாச்சி. இறக்கி விட்டுராதீங்க" என்றாள் பிச்சம்மாள்.

மாசிலாமணி சிரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இவங்க வீட்ல சோத்தையும் இப்படித்தான் சுண்டிப் பாத்துத் தின்னிருப்பாங்களோ சாமி? ஆக்கிப் போட்டவ பாவம்."

பிரமநாயகம் அதற்குப் பிறகு சுண்டாமலே நாலைந்து ஓடுகளைச் சாக்கில் எடுத்து வைத்தார்.

மடத்துக்குத் திரும்பி, கீலை மாட்டினார்கள். கதவு ஒரு பக்கம் இடித்தது. கழற்றி மறுபடி மாட்டினார்கள். உருளையை மாட்டும்போது பழைய கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போயிற்று. பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவி எடுக்கவே வெகுநேரம் ஆனது. மில்லுக்கு மறுபடி போய் மாவை வாங்கி வந்தார்கள். சாப்பிட்டு எழும்போது மலை மேல் கறுப்பு கட்டியிருந்தது. தலைக்கு மேல் மட்டும் இன்னும் வெயில் அடித்தது.

"வெயில் போகுமுன்ன பாத்திருவோம். நீங்க மேல ஏறுங்க" என்றார் மாசிலாமணி. சின்ன ஏணியை ஓட்டின் மேல் படுக்கப் போட்டு, அதன் மேலேயே நகரும்படி சொன்னார்.

"போன வாரம் ஏணி இல்லாமலே உச்சி வரைக்கும் நடந்தேன் சாமி. எனக்குக் கால் வைக்கத் தெரியும்."

"இன்னைக்குப் போட்டுக்குங்க."

பிரமநாயகம் ஏறினார். ஏணியில் குப்புறப் படுத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஒன்றன் மேல் ஒன்று கவிழ்ந்து, பாசி படிந்து, எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு குறையும் இல்லை என்று கீழே குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்க."

கீழே உள்ளறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஜன்னலும் அடைபட்டது.

பிறகு அவர் கைக்குப் பக்கத்தில், ஓடுகளுக்கு இடையிலிருந்து, ஒரு தென்னை ஈர்க்கு மெல்ல மேலே வந்தது. வந்து நின்று அசைந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்து முடித்த இடம் அது.

"தெரியுதா அண்ணாச்சி?" இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியுது."

"இங்க சூரியன் பொட்டு வச்ச மாதிரி இருக்கு."

ஒரு எட்டு மேலே இன்னோர் ஈர்க்கு வந்தது. அதற்கு ஒரு எட்டு மேலே இன்னொன்று. கொஞ்சம் வலது, கொஞ்சம் இடது, மறுபடி வலது என்று உச்சியைப் பார்த்து ஏறிப் போயின.

பிரமநாயகம் முதல் ஓட்டைத் தூக்கினார். நடுவில் இரண்டாக விண்டிருந்தது. பழைய உடைப்பு என்றால் உள்ளே கறுத்திருக்கும். இது வெட்டிய பழம் போலச் சிவப்பாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஈர்க்குகள் போன வழியை அவர் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். தன் பாதத்தைப் பார்த்தார்.



ஒவ்வொன்றாக மாற்றினார். புது ஓடு உட்கார்ந்ததும் ஈர்க்கு உள்ளே போய்விடும். கடைசி ஈர்க்கு போன பிறகும் அவர் உடனே இறங்கவில்லை. மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

இறங்கி வந்தபோது மாசிலாமணி கதவைத் திறந்து வெளியே நின்றார். தலையெல்லாம் ஒட்டடை. பிரமநாயகம் கிணற்றடியில் கைகால் கழுவினார். உள்ளே போய் வேட்டி மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் தூறல் ஓட்டில் விழுந்தது. இருவரும் உள்ளறைப் பக்கம் காது கொடுத்தார்கள். உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.

தெருமுனையில் பஸ் வந்து திரும்பும் சத்தம் கேட்டது. பிரமநாயகம் படியிறங்கி, நின்று, திரும்பினார்.

"சாமி, எம்பிள்ளை கிட்ட நான் எங்க மிதிச்சேன்? அதை மட்டும் சொல்லிருங்க. போற வழியிலேயே பேச்சைத் தயார் பண்ணிக்கிடுதேன்."

மாசிலாமணி தலையிலிருந்த ஒட்டடையை வழித்துத் துடைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? உங்க கூரைக்குக் கீழ நான் ஒருநாளும் படுத்ததில்லையே."